சாங்கியில் முதன்முறை விமானம் மாறுகிறவர்களுக்கு: டிக்கெட், விசா, பெட்டி, நேரம்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறுவது மிக எளிது என்று பலரும் சொல்வார்கள். ஒரே டிக்கெட்டில் பயணம் செய்கிறவர்களுக்கு அது முழு உண்மை. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதில் பாதிகூட உண்மையில்லை என்பதை, 68 வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து மெல்பர்னுக்குப் போனபோது நான் கற்றுக்கொண்டேன். இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கியதில் எனக்கு மிச்சமானது சுமார் 11,000 ரூபாய். மெல்பர்ன் விமானத்தைத் தவறவிட்டு, அன்று மாலைக்கு இருவருக்கும் புதிய டிக்கெட் எடுத்தபோது செலவானது அதைப்போல ஆறு மடங்கு. அந்த அனுபவத்துக்குப் பிறகு அதே வழியில் மூன்று முறை சிக்கலின்றிப் போய்வந்துவிட்டேன் என்பதால், வரிசைப்படி எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். நாம் இமிக்ரேஷன் என்று சொல்வதைச் சிங்கப்பூர்த் தமிழில் குடிநுழைவு என்பார்கள். சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். இந்தக் கட்டுரையிலும் அவற்றையே பயன்படுத்துகிறேன். சாங்கியில் உங்கள் பயணம் எப்படி அமையும் என்பதை ஒரே ஒரு கேள்வி முடிவு செய்துவிடுகிறது: நீங்கள் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே போகிறீர்களா, அல்லது உள்ளே டிரான்சிட் பகுதியிலேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறீர்களா? விசா, வருகை அட்டை, பெட்டி, நேரம் ஆகிய எல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தே மாறும்.

1. டிக்கெட் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது

ஒரே முன்பதிவில், ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், புறப்படும் ஊரிலேயே உங்கள் பெட்டிக்குக் கடைசி ஊர் வரைக்கும் சீட்டு ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு போர்டிங் பாஸ்களையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். சாங்கியில் நீங்கள் செய்ய வேண்டியது அடுத்த கேட்டுக்கு நடந்து போவது மட்டும்தான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு.

இரண்டு தனிப் பதிவுகளாக வாங்கினால் இந்த மூன்றுமே இல்லை. பெட்டி சிங்கப்பூரில் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்க நீங்கள் குடிநுழைவைத் தாண்டியாக வேண்டும். தாண்டுவதற்குச் சிங்கப்பூருக்குள் நுழையும் உரிமை வேண்டும். பின்னர் வெளியே போய், புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறி, புதிய பயணியைப்போல மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் எந்த வகையிலும் பொறுப்பேற்காது, கேட்பதிலும் பயனில்லை.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. விலை ஒப்பிடும் தளங்கள் சில, இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டும். பணமும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும். மின்னஞ்சலில் வரும் உறுதிச்சீட்டில் இரண்டு வெவ்வேறு பதிவு எண்கள் இருந்தால் அது இரண்டு டிக்கெட்தான். ‘பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரி எங்கேனும் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

கையில் எடுத்துப்போகும் பை மட்டும் போதும் என்றால் தனி டிக்கெட்டிலும் சிக்கல் குறைவுதான், ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டாவது விமானத்துக்கான செக்-இன்னை இணையத்தில் முன்கூட்டியே முடித்து, போர்டிங் பாஸ் கையில் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் விசாவை நேரில் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் தரும். அப்படியானால் டிரான்சிட் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு டிரான்ஸ்ஃபர் முகப்பு இருக்கிறதா என்று அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்குப்படி, விலை வித்தியாசம் ஒரு புதிய டிக்கெட்டின் விலையில் பாதியைத் தாண்டாதவரை தனித்தனியாக வாங்குவது வீண் வேலை. பெற்றோர் தனியாகப் பயணம் செய்கிறார்கள் என்றால் விலையைப் பார்க்கவே வேண்டாம், ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொடுங்கள்.

2. வெளியே போக வேண்டியிருந்தால்: விசாவும் 96 மணி நேரச் சலுகையும்

டிரான்சிட் பகுதியை விட்டு வெளியேறாத இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. வெளியே போவதென்றால் விசா வேண்டும். இந்தியாவில் இதற்கு அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர்கள் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. முகவர் தம் சேவைக்கெனத் தனியே வாங்குவார். முகவருக்கு முகவர் இந்தத் தொகை வெகுவாக மாறும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

விசா இல்லாமலே வெளியே போக ஒரு வழி உண்டு. விசா இல்லா டிரான்சிட் சலுகை என்ற பெயரில், இந்தியக் குடிமக்கள் 96 மணி நேரம் வரை சிங்கப்பூரில் தங்கலாம். அதற்கு நீங்கள் மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போகிறவராகவோ அங்கிருந்து திரும்புகிறவராகவோ இருக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சென்னைக்கே திரும்புவது டிரான்சிட் ஆகாது. 96 மணி நேரத்துக்குள் சிங்கப்பூரை விட்டுப் புறப்படுவதற்கான உறுதி செய்யப்பட்ட டிக்கெட் கையில் இருக்க வேண்டும். அத்துடன் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஒன்று வழங்கிய விசா அல்லது நீண்டகாலத் தங்கும் அனுமதி இருக்க வேண்டும். அது சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய கண்ணி, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா. போகும் வழியில் அதைக் காட்டி இந்தச் சலுகையைப் பெற முடியாது. உங்கள் விசாக் கடிதத்தில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஆஸ்திரேலிய விசா பலமுறை நுழைவுக்கானது என்பதால் தப்பித்தோம். ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை. மின்னணுப் பதிவாகவே இருக்கும். எனவே விசா வழங்கப்பட்டதற்கான கடிதத்தை அச்செடுத்து, அடுத்த டிக்கெட்டின் அச்சுப் பிரதியுடன் சேர்த்துக் கையில் வைத்திருங்கள். எங்களிடம் அது தொலைபேசியில் மட்டும் இருந்தது. திருச்சியில் செக்-இன் முகப்பில் இருந்தவர் அந்தக் கடிதத்தைப் பார்த்து, மேலதிகாரியை அழைத்து, அவர் வேறெங்கோ பேசி, எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க 25 நிமிடம் ஆனது. சலுகையைத் தருவதா இல்லையா என்பது இறுதியில் சாங்கியில் இருக்கும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. அதற்கு முன்பே, உங்களை விமானத்தில் ஏற்றுவதா என்பது புறப்படும் ஊரில் உள்ள விமான நிறுவனத்தின் முடிவு. இரண்டு இடத்திலும் காட்டுவதற்குக் காகிதம்தான் வசதி.

3. வருகை அட்டை: இலவசம், ஆனால் நாள் பார்த்துச் செய்ய வேண்டியது

வெளியே போகிற எல்லா வெளிநாட்டவரும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள்தான் அதைச் செய்ய முடியும்; ஒரு வாரம் முன்பே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் தளம் ஏற்காது. டிரான்சிட் பகுதியிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை. இது விசாவும் அன்று. அட்டையை நிரப்பியதாலேயே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று எண்ணி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இருந்தும், தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில போலித் தளங்கள் இதற்கே பணம் வாங்குகின்றன, கடவுச்சீட்டு விவரங்களையும் எடுத்துக்கொள்கின்றன. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தை அல்லது அதன் செயலியை மட்டும் பயன்படுத்துங்கள்; தள முகவரி ‘ஜிஓவி.எஸ்ஜி’ என்று முடிய வேண்டும். மின்னஞ்சல் முகவரியைப் பிழையின்றிக் கொடுங்கள். சிங்கப்பூரில் இப்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற மின்னணு அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அம்மாவின் அட்டையில் என் மின்னஞ்சலையே கொடுத்தேன், அதில் சிக்கல் எதுவும் வரவில்லை.

4. பெட்டி கட்டும்போது

வெளியே போகப்போகிறீர்கள் என்றால், உங்கள் பெட்டியும் சிங்கப்பூர்ச் சுங்கத்தைத் தாண்டுகிறது என்று பொருள். மெல்பர்னுக்குப் போகிற பெட்டிதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

நம் வீட்டுப் பெட்டிகளில் சாதாரணமாக இருக்கும் கசகசா சிங்கப்பூரில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். ஒரு சிறு பொட்டலம்கூட வேண்டாம், குருமாவுக்கு முந்திரி போதும். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டியிருக்கலாம். பெற்றோரின் மருந்துச் சீட்டை இணையத்தில் சரிபார்த்து, தேவைப்பட்டால் பயணத்துக்குப் பல நாள் முன்பே விண்ணப்பியுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் மருத்துவர் சீட்டின் பிரதி இருக்கட்டும். மின்சிகரெட்டும் சூயிங்கமும் கூடாது. சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட் இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள ரொக்கம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். யாராவது கொடுத்துவிடச் சொன்ன பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப்போக வேண்டாம். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை உண்டு, எனக்குத் தெரியாது என்ற பதிலை மட்டும் வைத்துத் தப்ப முடியாது.

டிரான்சிட்டில் மட்டும் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை வேறு. சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலிலேயே நடக்கிறது. எனவே முதல் விமானத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலும், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் இரண்டாவது விமானத்தின் கேட்டில் தடுக்கப்படும். நெய், தேன், ஊறுகாய் எல்லாம் இந்தக் கணக்கில் திரவங்களே. புறப்படும் ஊரில் தீர்வையில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலை, கடைக்காரர் ஒட்டித் தந்த பாதுகாப்புப் பையிலிருந்து இடையில் பிரிக்காதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் சார்ஜ் செய்யவும் தடை விதித்துள்ளன, எனவே ஏறும் முன்பே தொலைபேசியில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள மின் துளைகள் மூன்று செவ்வக முனை கொண்டவை. நம் ஊர் வட்ட முனைப் பிளக் பொருந்தாது. ஓர் அடாப்டர் இங்கிருந்தே வாங்கிப் போவது மலிவு.

5. தரையிறங்கியதும்: எந்த முனையம் என்று அறிவது

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. இறங்கியதும் கடிகாரத்தை மாற்றுங்கள், அடுத்த விமானத்தின் நேரம் அவர்கள் நேரத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.

சாங்கியில் இப்போது 4 முனையங்கள் இயங்குகின்றன. கேட் எண்ணின் முதல் எழுத்தே முனையத்தைச் சொல்லிவிடும்: ஏ, பி என்றால் 3ஆம் முனையம், சி, டி என்றால் 1ஆம் முனையம், ஈ, எஃப் என்றால் 2ஆம் முனையம், ஜி, எச் என்றால் 4ஆம் முனையம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் முனைய எண்ணை முழுதாக நம்பாதீர்கள். அங்குள்ள திரையில் காண்பதே கணக்கு.

1, 2, 3ஆம் முனையங்களுக்கிடையே ஸ்கைட்ரெயின் என்ற ஓட்டுநரில்லா ரயில் இலவசமாக ஓடுகிறது. டிரான்சிட் பகுதிக்கு ஒரு தடம், வெளிப்பகுதிக்கு ஒரு தடம். அதிகாலையில் சில மணி நேரம் அது நிறுத்தப்பட்டிருக்கும். அப்போது நகரும் நடைபாதை வழியே நடந்துவிடலாம். 4ஆம் முனையம் மட்டும் தனியே நிற்கிறது. அங்கே போக இலவசப் பேருந்துதான் வழி. பேருந்துக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்கி நடப்பது எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

இலவச வைஃபை உண்டு, ஆனால் உள்நுழையத் தொலைபேசிக்குக் குறியீடு வர வேண்டியிருக்கலாம். ரோமிங் இல்லாத இந்திய சிம் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தகவல் முகப்புக்குப் போய்க் கடவுச்சீட்டைக் காட்டி உதவி கேளுங்கள். தமிழ் சிங்கப்பூரின் 4 அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் தமிழ் பேசும் பணியாளர் எதிர்ப்படுவது அபூர்வமன்று. எனினும் அதை நம்பி ஆங்கிலம் தெரியாத ஒருவரைத் தனியே அனுப்ப மாட்டேன். அவர்களுக்காக டிக்கெட் பதிவு செய்யும்போதே விமான நிறுவனத்திடம் வீல்சேர் உதவி கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். நடக்க முடிந்தவராக இருந்தாலும், விமான வாசலிலிருந்து அடுத்த கேட் வரை ஒருவர் கூடவே அழைத்துப் போகிறார் என்பதே இதில் பெரிய நன்மை. அம்மா முதலில் நானென்ன நோயாளியா என்று கோபித்துக்கொண்டார். திரும்பி வரும்போது அவரே நினைவூட்டிக் கேட்டார்.

6. இரண்டு டிக்கெட்காரர்களுக்கான நேரக் கணக்கு

நான் பின்னால் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து விமானத்தை விட்டு இறங்க 15 முதல் 20 நிமிடம். குடிநுழைவு வரை நடக்க 10 முதல் 15. குடிநுழைவில் 15 முதல் 45; தானியங்கி வாயில்கள் வேகமானவை, ஆனால் 96 மணி நேரச் சலுகையில் வருகிறவர்களை அதிகாரி நேரில் விசாரிக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வர 20 முதல் 30. முனையம் மாற 15 முதல் 30. மறுபடி செக்-இன் வரிசையில் 20 முதல் 30. இத்துடன் செக்-இன் முகப்பு புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படுவதைச் சேர்த்தால், எல்லாம் நல்லபடி நடந்தாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கொஞ்சம் இழுத்தால் நான்கு மணி நேரத்தைத் தொடும்.

எங்களுக்கு இருந்தது இரண்டு மணி 50 நிமிடம். விமானம் 25 நிமிடம் தாமதம். வருகை அட்டை நிரப்பாததால், குடிநுழைவுக் கூடத்தில் ஓரமாக நின்று இருவருக்கும் தொலைபேசியில் நிரப்பியதில் இன்னொரு 20 நிமிடம். நாங்கள் ஓடிப்போய் நின்றபோது முகப்பு மூடி 7 நிமிடம் ஆகியிருந்தது. விமானம் கண்ணெதிரே நிற்கிறதே, ஏறவிடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். பெட்டி இல்லாமல் போவதானாலும் முடியாது என்றார்கள்.

தனி டிக்கெட் என்றால் குறைந்தது 5 மணி நேர இடைவெளி வையுங்கள். இரவு 11 மணிக்கு இறங்கிக் காலை 7 மணிக்கு ஏறும்படி அமைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: செக்-இன் முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டிகளோடு வெளிப்பகுதியில்தான் இருக்க வேண்டும், வசதியான ஓய்விடங்கள் உள்ள டிரான்சிட் பகுதிக்குள் போக முடியாது. கட்டணம் செலுத்திப் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் பாதுகாப்பறைகள் வெளிப்பகுதியில் உள்ளன.

7. காத்திருக்கும் நேரத்தில்

டிரான்சிட் பகுதியில் சாய்ந்து தூங்கும் ஓய்விடங்கள் இலவசம். குளிர் அதிகம், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். 3ஆம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும், 2ஆம் முனையத்தில் சூரியகாந்தித் தோட்டமும், 1ஆம் முனையத்தில் கள்ளித் தோட்டமும் உள்ளன. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், எனவே காலி பாட்டில் ஒன்று போதும்.

படுத்துத் தூங்க வேண்டுமென்றால் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டிரான்சிட் விடுதிகள் உண்டு. விமான நிலைய விடுதி என்று இணையத்தில் தேடினால், 3ஆம் முனையத்தை ஒட்டிய கிரவுன் பிளாசாவும் ஜூவல் என்ற வணிக வளாகத்தில் உள்ள யோடெல்ஏரும் சேர்ந்தே வரும். இவை இரண்டும் குடிநுழைவுக்கு வெளியே இருப்பவை. விசா இல்லாமல் உள்ளே இருக்கும் ஒருவர் அங்கே அறை பதிவு செய்தால், பணம் கட்டியும் அறையை எட்ட முடியாது.

ஜூவலுக்கும் இதே கதைதான். படங்களில் பார்த்திருப்பீர்களே, 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்க அருவி, அது குடிநுழைவைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் 2, 3ஆம் முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜூவலின் ஊடாகவே போகிறது. டிரான்சிட் பகுதியின் ரயிலில் ஏறினாலும் கண்ணாடி வழியே அருவி சில நொடிகள் தெரியும். விசா இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான சுற்றுலா இல்லை. அம்மா திரும்பும் பயணத்தில் அதற்காகவே இரண்டு தடவை போய்வந்தார்.

அடுத்த விமானத்துக்கு 5½ மணி நேரத்துக்கு மேலும் 24 மணி நேரத்துக்குள்ளும் இடைவெளி இருந்தால், விமான நிலையமே நடத்தும் இலவசச் சிங்கப்பூர்ச் சுற்றுலாவில் சேரலாம். சுமார் இரண்டரை மணி நேரம் பேருந்தில் நகரைச் சுற்றிக் காட்டுவார்கள். இணையத்திலோ அங்குள்ள முகப்பிலோ பதிவு செய்யலாம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சுற்றுலா இலவசம் என்பதால் விசா விலக்கு கிடைத்துவிடாது. 2ஆம், 3ஆம் படிகளில் சொன்னவை எல்லாம் இதற்கும் பொருந்தும்.

8. சொந்தமாக ஊருக்குள் போவதானால்

எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையம் 2, 3ஆம் முனையங்களுக்கிடையே உள்ளது. தானா மேராவில் ரயில் மாறி நகருக்குப் போகலாம்; கட்டணம் 3 வெள்ளிக்குள் அடங்கிவிடும். தொட்டுச் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை வாயிலில் காட்டினாலே போதும், வெளிநாட்டு அட்டைகளுக்குச் சிறு சேவைக் கட்டணம் சேரும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவிலேயே திறந்துவிட்டு வாருங்கள். கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் 50 விழுக்காடு கூடும், விமான நிலையத்திலிருந்து ஏறுவதற்கான கூடுதல் கட்டணமும் அதனுடன் சேரும்.

நகரில் பொருள் வாங்குகிறவர்கள், பயணிகளுக்கான வரித் திருப்பத் திட்டத்தில் உள்ள கடையா என்று கேட்டு, கடவுச்சீட்டைக் காட்டி வாங்குங்கள். 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், சேவைக் கட்டணம் கழித்துக்கொள்வார்கள். இதில் வழக்கமாக நடக்கும் தவறு: பொருளைப் பெரிய பெட்டிக்குள் வைத்து விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு வரித் திருப்ப இயந்திரத்தைத் தேடிப் போவது. சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது காட்ட ஒன்றும் இருக்காது. பெட்டியில் போகும் பொருளுக்குச் செக்-இன்னுக்கு முன்பே இதை முடியுங்கள்.

சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வழியனுப்ப வருகிறவர்கள், மலிவான ஒரு டிக்கெட்டை வாங்கி உள்ளே வந்து கேட் வரை கூட வருவது உண்டு. பயணம் செய்யும் எண்ணமில்லாமல் போர்டிங் பாஸைக் காட்டி டிரான்சிட் பகுதிக்குள் நுழைவது அங்கே குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அத்தை எவ்வளவு அழுதாலும் வெளி வாசலிலேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

9. கேட்டுக்குப் போகும்போது

முன்பே சொன்னபடி 1, 2, 3ஆம் முனையங்களில் சோதனை கேட் வாசலில் நடப்பதால், ஏறுவதற்கான வரிசையும் சோதனைக்கான வரிசையும் ஒன்றாகவே சேர்ந்துவிடும். 4ஆம் முனையத்தில் குடிநுழைவை அடுத்து ஒரே இடத்தில் சோதனை முடிந்துவிடுகிறது. பல கேட் அறைகளுக்குள் கழிப்பறை இல்லை. சோதனைக்குள் நுழையும் முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமன்று. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கேட் எண் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு, அரை மணிக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேட் அருகில் இருங்கள். புறப்பாட்டுக்குச் சில நிமிடங்கள் முன்பே கேட் மூடப்பட்டுவிடும்.